முகம் திருப்பும் பயிற்சி

அன்று காலை இருவரும் வீட்டுக் கூடத்தில் தரையில் உட்கார்ந்து சாம்பாருக்குச் சின்ன உள்ளி உரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் சுளகு. பார்வதியம்மாள் மளமளவென்று உரிப்பாள். சங்கரபாண்டி உரித்தால் தோலோடு பாதி உள்ளியும் போய்விடும். அதைப் பொறுக்கி எடுத்து, "இதுல இன்னும் ஒரு உள்ளி இருக்கு" என்று அவர் முன்னால் போடுவாள். அது தினமும் நடப்பதுதான்.

திடீரென்று அவள் கை நின்றது. சுளகைத் தள்ளிவைத்துவிட்டு, "இந்தாருங்க" என்றாள். எதற்குக் கூப்பிடுகிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது. சங்கரபாண்டி உடனே முகத்தை வலது பக்கம் திருப்பி, சுவரில் தொங்கிய நகைக்கடைக் காலண்டரைப் பார்த்தார். அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அந்த வேதனையிலும் பார்வதியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது.

"பாத்துத் திருப்புங்க. கழுத்து சுளுக்கிக்கிட்டுன்னா ஒங்களையும் அங்கன கொண்டுபோயி சேக்கணும்."

அவர் காலண்டரைப் பார்த்தபடியே சிரித்தார். சிரிக்கலாமா கூடாதா என்பது பயிற்சியில் வரவில்லை.

அந்த வீட்டில் நடந்த கடைசிச் சாதாரணப் பேச்சு அதுதான்.

சங்கரபாண்டி தென்காசி பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். தாளில் போட்டிருக்கிற நேரத்துக்கு வண்டி கிளம்ப வேண்டும். கிளம்பவில்லை என்றால் தப்பு வண்டியுடையது, தாளுடையது அல்ல. இந்த ஒரு நம்பிக்கையை வைத்துக்கொண்டே உத்தியோகத்தை முடித்து, குத்துக்கல்வலசையில் வீடு கட்டி, மகள் அபர்ணாவைப் பெங்களூரில் கட்டிக்கொடுத்திருந்தார். அச்சடித்த தாளைக் கண்டால் அவருக்கு மரியாதை வந்துவிடும்.

பார்வதியம்மாளுக்கு முதுகில் வலி வந்தபோது முதலில் தைலம் தேய்த்தார்கள். பிறகு வெந்நீர் ஒத்தடம். சாரல் ஆரம்பித்ததும், அந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்வதுபோல, ஐந்தருவியில் முதுகைக் கொடுத்து நின்று பார்த்தாள். முன்பெல்லாம் அருவியை விட்டு வெளியே வர மனசில்லாதவள், இந்த முறை போன வேகத்தில் திரும்பி வந்தாள். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து எலும்பு சுத்தமாக இருக்கிறது என்றார்.

"அழுக்கா இருந்தாக்கூட தேச்சுக் குளிச்சிருப்பேன். சுத்தமா இருந்தா என்ன செய்யது?" என்று பார்வதியம்மாள் ஆட்டோவில் வரும்போது கேட்டாள்.

அபர்ணா செல்போனில் தேடி ஓர் இடம் கண்டுபிடித்தாள். அம்மாவை முழுமையாகப் பார்க்க வேண்டும், உடம்பை மட்டும் பார்த்தால் போதாது என்றாள். உடம்பையே இன்னும் யாரும் சரியாகப் பார்க்கவில்லை என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அந்த இடத்தின் பெயர் 'அமைதிச் சாரல் வலி நடத்தை நிலையம்'. குற்றாலத்தில் ஐந்தருவி போகிற சாலையில், பழைய லாட்ஜ் ஒன்றை வாங்கி வெள்ளையடித்திருந்தார்கள். எண்ணெய்க் குளியலுக்கு வந்து தங்கியவர்களின் வாசனை வராந்தாவில் இன்னும் போகவில்லை. சாவி மாட்டும் பலகை இருந்த இடத்தில், 'வலி என்பது ஒரு பழக்கம்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அதன் கீழே ஆலோசகர் ஜோதிலட்சுமி உட்கார்ந்திருந்தார். நல்ல பெண். எதைச் சொன்னாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்பார். கேட்டு முடித்ததும் அடுத்த கேள்வியை வாசிப்பார்.

உளவியல் மதிப்பீடு என்று ஒரு கட்டுத் தாள் கொடுத்தார்கள். பார்வதியம்மாளுக்கு வாசித்துக் காட்டுகிற பொறுப்பு சங்கரபாண்டிக்கு. சிறு வயதில் உங்களுக்கு வலித்தபோது யார் தூக்கினார்கள்? வலி போய்விட்டால் உங்களுக்கு என்ன நஷ்டம்? உங்கள் வலி ஒரு மிருகமாக இருந்தால் அது எந்த மிருகம்?

"மிருகமெல்லாம் இல்ல. இங்கன கடப்பாரையை வச்சி யாரோ நெம்புதாப்ல இருக்கு."

கடப்பாரை மிருகம் இல்லையே அம்மா, என்று ஜோதிலட்சுமி தலையைச் சாய்த்துக்கொண்டே சொன்னார். பதில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது ஒரு கட்டம் காலியாக இருந்தால் அது அடுத்த பக்கத்துக்குப் போகாதாம். பார்வதியம்மாள், சரி எருமைன்னு போட்டுக்கோம்மா, பாவம் ஒனக்கும் வீட்டுக்குப் போகணும்லா, என்றாள். எருமை என்றால் மாமியாரோடு தீராத மனஸ்தாபம் என்று முடிவு வந்தது. மாமியார் செத்து வெகுகாலம் ஆகிறது. இருந்த காலத்தில் இருவரும் ஒரே வெற்றிலைப் பெட்டியில் போட்டுக்கொண்டவர்கள்.

அடுத்து முக அட்டை. சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகம் வரை வரிசையாக வரைந்திருந்தது. இப்போது நீங்கள் எந்த முகம் என்று தொட்டுக் காட்ட வேண்டும். பார்வதியம்மாள் அழுகிற முகத்தைத் தொட்டாள். அது மிகைப்படுத்தல் என்று குறித்தார்கள். அடுத்த தடவை நடுவில் இருந்ததைத் தொட்டாள். அது மறைத்தல். கடைசியில் சலித்துப்போய்ச் சிரிக்கிற முகத்தின்மேல் விரலை வைத்தாள். முன்னேற்றம் தொடங்கிவிட்டது என்று ஜோதிலட்சுமி எழுந்து நின்று கைகொடுத்தார்.

நிலையத்தின் இயக்குநர் டாக்டர் ஸ்டான்லி. வெளிநாட்டில் படித்தவர் என்பதைத் தானே சொல்லிவிடுவார். கேட்கிற சிரமத்தை யாருக்கும் வைப்பதில்லை. புதிதாகச் சேர்ந்த குடும்பங்களைக் கூடத்தில் உட்காரவைத்து, ஜன்னல் வழியாகக் காட்டைக் காட்டிப் பேசினார்.

"அருவியைப் பாருங்க. அவ்வளவு உயரத்துலேர்ந்து தண்ணி தலையில அடிக்குது. யாராவது வலிக்குதுன்னு சொல்றாங்களா? வரிசையில நின்னுல்ல அடி வாங்குறாங்க. அப்ப அடி வேற, வலி வேற. அடி உடம்புக்கு. வலி யாருக்கு? பாக்குறவங்களுக்கு. பாக்குறதுக்கு ஆள் இல்லைன்னா வலிக்கு வேலையே இல்லை. முப்பது வருஷமா நான் நோயாளியோட உடம்பைத் தொட்டதே கிடையாது. அதனாலதான் என்னால இவ்வளவு தெளிவாப் பேச முடியுது."

எல்லாரும் கைதட்டினார்கள். சங்கரபாண்டியும் தட்டினார். பார்வதியம்மாள் தட்டவில்லை; கையை உயர்த்தினால் அவளுக்கு முதுகில் இழுத்தது.

சட்டங்கள் அச்சடித்துத் தரப்பட்டன. 'யம்மா', 'முருகா', 'செத்தேன்' ஆகிய சொற்களை நோயாளி சொல்லக்கூடாது. சொல்லியே ஆக வேண்டுமானால், 'என் உடம்பு ஒரு தகவல் தருகிறது' என்று சொல்லலாம். வலியைப் பற்றிப் பேசுவதற்குச் சாயங்காலம் விளக்கு வைக்கும் முன்பு கொஞ்ச நேரம் ஒதுக்கப்படும். மற்ற நேரத்தில் வருகிற வலி அதுவரை காத்திருக்க வேண்டும். இந்த ஏற்பாடு சங்கரபாண்டிக்குச் சட்டென்று புரிந்தது. வலிக்கும் ஒரு டைம் ஷீட். வீட்டில் காலையிலிருந்து முதுகைப் பிடித்துக்கொண்டு அந்த நேரத்துக்காகக் காத்திருந்த பார்வதியம்மாள், நேரம் வந்ததும் களைத்துப்போய்ச் சுவரோரம் படுத்துக்கொள்வாள். சொல்லு, இப்பம் சொல்லலாம், என்று இவர் எழுப்புவார். ஒண்ணுமில்ல போங்க, என்பாள். வலி ஏதும் தெரிவிக்கப்படவில்லை என்று இவர் நிலையத்துக்குப் போனில் சொல்லுவார். அங்கே சந்தோஷப்படுவார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரியது முகம் திருப்பும் பயிற்சி. நோயாளி வேதனையைக் காட்டினால் வீட்டார் முகத்தை வலது பக்கம் திருப்பிச் சுவரைப் பார்க்க வேண்டும். நோயாளி மேலும் முனகினால், சுவரைப் பார்த்தபடியே பொதுவான விஷயம் ஏதாவது பேச வேண்டும். மழை, விலைவாசி, இப்படி. சனிக்கிழமைதோறும் லாட்ஜின் பழைய சாப்பாட்டுக் கூடத்தில் குடும்பத்தார் எல்லாரையும் வரிசையாக நிறுத்துவார்கள். ஜோதிலட்சுமி நாற்காலியில் உட்கார்ந்து, "ஐயோ, முதுகே" என்பார். வரிசை மொத்தமும் வலது பக்கம் திரும்பும். சிலர் தப்பாக இடது பக்கம் திரும்பி, பக்கத்தில் நிற்பவரோடு முகத்துக்கு முகம் பார்த்துக்கொள்வார்கள். சங்கரபாண்டி ஒருநாளும் தப்புச் செய்ததில்லை. இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று ஜோதிலட்சுமி மற்றவர்களிடம் சொன்னபோது, பஸ் நிலையத்தில் கூடக் கிடைக்காத ஒரு பெருமை அவருக்குக் கிடைத்தது.

எதிர்வீட்டு ஹாஜரா பீவிக்குத்தான் இது எதுவும் ஏறவில்லை. கடையநல்லூரிலிருந்து இங்கே வீடு கட்டி வந்தவள். புருஷன் சவூதியில். பார்வதியம்மாளுக்கும் அவளுக்கும் நல்ல சிநேகம். அக்கம்பக்கத்தார் யாரும் வலியைப் பற்றிக் கேட்கக்கூடாது, கேட்பது வலிக்குத் தண்ணீர் ஊற்றுவது மாதிரி என்று சங்கரபாண்டி அவளிடம் தாளை வாசித்துக் காட்டினார்.

"சொகமில்லாதவங்களைப் போயி விசாரிக்கணும்னு எங்களுக்குச் சொல்லியிருக்கு அண்ணாச்சி. விசாரிக்கப்படாதுன்னு எங்கனயும் சொல்லலையே" என்றாள் ஹாஜரா.

"இது மருத்துவம்லா?"

"கேக்காம இருக்கதா மருத்துவம்? அப்பம் எங்க மாமியா பெரிய டாக்டரு."

அதன் பிறகு அவள் முன்வாசல் வழியாக வருவதில்லை. பின்பக்கத்துக் கொல்லைக் கதவு வழியாக வந்துகொண்டிருந்தாள் என்பது சங்கரபாண்டிக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தார். ஒருநாள் குளியலறைப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. என்ன செய்யுதுக்கா என்று ஹாஜரா கேட்க, "தகவல் வருதுட்டி, ரொம்பப் பெரிய தகவலா வருது" என்று பார்வதியம்மாள் சொல்லுகிறாள். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். பிறகு சிரிப்பு நின்றது. பிறகு ஒருத்தி அழுகிற சத்தம். எவள் என்று தெரியவில்லை. அவர் நிலையத்துக்கு அதைத் தெரிவிக்கவில்லை. விதியை மீறி அவர் செய்த காரியம் அது ஒன்றுதான்.

பார்வதியம்மாளின் ரவிக்கைகள் தொளதொளத்துப் போயின. ராத்திரி படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினாள். ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா என்று சங்கரபாண்டி டாக்டர் ஸ்டான்லியிடம் போய்க் கேட்டார். கேட்பதற்கு முன் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்.

டாக்டர் கோபிக்கவில்லை. ஸ்கேன் கேட்பது வலி நடத்தையின் உச்சக்கட்டம் என்றும், அது நோயாளியிடமிருந்து கணவருக்குத் தாவியிருக்கிறது என்றும் விளக்கினார். நிலையத்தில் பயிற்சியை முடித்தவர்களுக்கு மட்டுமே ஸ்கேனுக்குச் சிபாரிசு தரப்படும்; வலி இல்லை என்று ஆன பிறகுதான் பயிற்சி முடிந்ததாகக் கணக்கு.

"வலி இல்லன்னு ஆனப்பறம் எதுக்கு சார் ஸ்கேனு?"

"அதேதான்" என்றார் டாக்டர், முகம் மலர்ந்து. "நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்க."

சங்கரபாண்டிக்குப் படிக்கட்டு இறங்கும்வரை அது சரியாகத்தான் பட்டது. ரோட்டுக்கு வந்த பிறகுதான் எங்கேயோ இடித்தது.

மகளுக்குச் சொல்லாமல் திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார். பஸ்ஸில் பாவூர்ச்சத்திரம் தாண்டுவதற்குள் பார்வதியம்மாள் முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வலது பக்கம் ஜன்னல் இருந்தது வசதியாகப் போயிற்று. அந்த டாக்டர் பழைய கோப்பைக் கேட்டார். இவர் கொடுத்தார், தாள் இருக்கும்போது கொடுக்காமல் இருக்க அவருக்குத் தெரியாது. முதல் பக்கத்தில் 'வலி நடத்தை' என்று இருந்ததைப் பார்த்ததும் டாக்டர் பேனாவை மூடினார். நல்ல இடத்தில்தான் காட்டுகிறீர்கள், அங்கேயே தொடருங்கள், என்றார். பார்வதியம்மாள் வாயைத் திறப்பதற்குள் மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சாரல் நன்றாக இறங்கியிருந்த நாளில் நிலையத்தின் ஆண்டு விழா வந்தது. மொட்டைமாடியில் பந்தல். மேடையில் சிறப்பு விருந்தினருக்கென்று ஒரு தட்டு நிறைய மங்குஸ்தான். 'சிறந்த குடும்பம்' கேடயம் சங்கரபாண்டி தம்பதிக்கு. நீண்ட காலமாக ஒருமுறைகூட வலி என்ற சொல்லைப் பயன்படுத்தாத நோயாளி என்று பார்வதியம்மாளின் பெயரை வாசித்தார்கள். அவளால் படி ஏற முடியாததால் நாற்காலியோடு தூக்கி மேடையில் வைத்தார்கள். கைதட்டல் ஓயவில்லை. கேடயத்தை அவள் மடியில் வைத்தபோது அதன் கனம் தாங்காமல் உதட்டைக் கடித்தாள். கூட்டம் அதைப் புன்னகை என்று எடுத்துக்கொண்டது.

பிறகு டாக்டர் ஸ்டான்லி பேசினார். "என்னுடைய நோயாளிகள் குணமாகிறார்களா என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியே தவறு. என்னுடைய நோயாளிகள் புகார் சொல்வதில்லை. உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியாலும் இப்படிச் சொல்ல முடியுமா?" என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது, பந்தல் கம்பு வழியாக ஒரு குரங்கு இறங்கி மங்குஸ்தான் தட்டைப் பிடித்தது. குற்றாலத்துக்காரர் யாராக இருந்தாலும் தட்டை விட்டிருப்பார். டாக்டர் வெளியூர். தட்டைப் பிடித்து இழுத்தார். குரங்கு அவர் கட்டைவிரலைக் கடித்தது.

"யம்மா... யம்மா, செத்தேன்" என்றார் டாக்டர் ஒலிபெருக்கியில்.

பந்தலில் இருந்த குடும்பங்கள் மொத்தமும், ஒரே அசைவில், முகத்தை வலது பக்கம் திருப்பின.

யாரும் கேலிக்காகச் செய்யவில்லை. அவ்வளவு சனிக்கிழமைகள். டாக்டர் விரலைப் பிடித்துக்கொண்டு, "ரத்தம் வருது, யாராவது பாருங்களேன்" என்று கத்தினார். அது இரண்டாம் கட்டம் என்பதால் பந்தலில் பொதுப்பேச்சு தொடங்கியது. இந்த வருஷம் சாரல் பரவாயில்லை என்றார் ஒருவர். தேங்காய் விலைதான் இறங்கவே மாட்டேன் என்கிறது என்றார் இன்னொருவர். ஜோதிலட்சுமி ஒருவர்தான் விதிக்கும் சம்பளத்துக்கும் நடுவில் தவித்து, கழுத்தைப் பாதி திருப்பியபடி மேடைக்கு ஓடினார். டாக்டரைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊசி போடுவதற்கு முன்னால் அந்த இடம் மரத்துப்போக மருந்து கேட்டாராம்.

அடுத்த வாரம் எல்லாருக்கும் சுற்றறிக்கை வந்தது. முகம் திருப்புதல் நோயாளிகளுக்கு மட்டுமே பொருந்தும். நிலையத்தின் நிர்வாகிகளுக்கு ஏற்படுவது உண்மையான வலி என்பதால் அவர்களை உடனடியாகக் கவனிக்க வேண்டும். பார்வதியம்மாள் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். சிரிக்க முயன்று, சிரித்தால் இழுக்கிறது என்று நிறுத்திக்கொண்டாள்.

சுற்றறிக்கை வந்து சில நாளில்தான் அந்த உள்ளி உரித்த காலை. கழுத்து சுளுக்கும் என்று கேலி செய்துவிட்டு அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். கால் வரவில்லை. இரண்டு காலும் அவளுடையவை இல்லை என்பதுபோலத் தரையில் கிடந்தன. இவர் இன்னும் காலண்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கொல்லைக் கதவு வழியாக வந்த ஹாஜரா, "அண்ணாச்சி, இங்கன திரும்புங்க" என்று போட்ட சத்தத்தில்தான் அவர் திரும்பினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் அன்றைக்கே ஸ்கேன் எடுத்துவிட்டார்கள். யாருடைய சிபாரிசும் கேட்கவில்லை. புற்று முதுகெலும்புக்குள் ஏறியிருந்தது. படத்தைப் பிடித்துக் காட்டிய டாக்டர் சின்ன வயசுக்காரர். இந்த மாதிரிக்குத் தாங்க முடியாத வலி இருந்திருக்குமே, அம்மா ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை, எழுதிக்கொள்வதற்காகக் கேட்டார். சங்கரபாண்டி தகவல் என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டார்.

வார்டில் அவள் முதல்முறையாக வாய்விட்டு முனகினாள். யம்மா என்றாள். அவர் அவளைப் பார்க்கத்தான் நினைத்தார். கழுத்து திரும்பிவிட்டது. அந்தப் பக்கம் காலண்டர் இல்லை, வெறும் பச்சைச் சுவர்.

"இங்கன யாரும் மார்க்கு போட மாட்டாங்க" என்றாள் பார்வதியம்மாள். "இனிமே பாக்கலாம்."

கழுத்தைக் கையால் பிடித்துத் திருப்புவதுபோலத் திருப்பி, அவர் பார்த்தார். அதற்குப் பிறகு அவளிடம் அதிகப் பேச்சு இல்லை. அபர்ணா வந்து சேர்ந்தபோது நினைவும் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரித்துக்கொண்டிருக்கும்போது ஜோதிலட்சுமி வந்தார். நிலையத்தின் சார்பாக ஒரு மாலை. படத்துக்குப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். உண்மையிலேயே கண் கலங்கியிருந்தது. அபர்ணா அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். ஹாஜரா வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா மாதிரி ஒருத்தரை நாங்க பார்த்ததே இல்லை சார். கடைசி வரைக்கும் ஒரு தடவைகூட வலிக்குதுன்னு சொல்லலை."

"எங்கிட்ட சொன்னா" என்றாள் ஹாஜரா. காப்பித் தட்டைக் கீழே வைக்கவில்லை. "தெனமும் சொன்னா. நான் கேட்டேன், அவ சொன்னா. அவ்வளவுதான் விசயம்."

ஜோதிலட்சுமி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டார். பிறகு சங்கரபாண்டி பக்கம் திரும்பி, சார் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள், நிலையத்தில் துக்க நடத்தைக்கும் இப்போது ஒரு பயிற்சி ஆரம்பித்திருக்கிறார்கள், பழைய குடும்பங்களுக்கு முன்னுரிமை உண்டு, என்றார். சங்கரபாண்டி எழுந்தார். டி.வி. மேல் இருந்த கேடயத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். ஜோதிலட்சுமிக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. வாங்கிக்கொண்டார்.

நாற்காலி தாழ்வானது. கேடயத்தை அணைத்துக்கொண்டு எழுந்தபோது ஜோதிலட்சுமிக்கு முழங்காலில் என்னவோ பிடித்துக்கொண்டது.

"யம்மா" என்றார் அவர், தன்னை மறந்து.

சங்கரபாண்டியின் முகம் வலது பக்கம் திரும்பியது. அங்கே நகைக்கடைக் காலண்டர் இருந்தது.